தொட்டிக்குள் ஒரு டெராசா

மார்ச் 9, 2024, சனி

டெராசா என்ற ராட்சதச் சிப்பி என் கடல்நீர்த் தொட்டிக்கு வந்துவிட்டது. ஓடு 11 செ.மீ. நீல விளிம்பு, நடுவில் தங்கப் பழுப்பு வரிகள். கடையில் பக்கத்துத் தொட்டியில் இருந்த குரோசியா, மாக்சிமா என்ற வேறு இரண்டு ராட்சதச் சிப்பி இனங்களும் இதைவிட அழகுதான். ஆனால் அவற்றுக்கு வேண்டிய வெளிச்சத்துக்கு என் விளக்கு போதாது. டெராசா கொஞ்சம் அனுசரித்துப் போகும். பலாவ் தீவுப் பண்ணையில் 1980களிலேயே பெருமளவில் வளர்த்த இனம் இது. ராட்சதச் சிப்பிகள் எல்லாமே சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், பண்ணையில் வளர்ந்ததுதானா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே வாங்கினேன்.

கடையில் கையின் நிழலை அதன் மேல் விழவிட்டேன். சட்டென்று சுருங்கியது. மேன்டில் என்கிற அந்த வண்ணச் சதையின் விளிம்பில் நூற்றுக்கணக்கான குட்டிக் கண்கள் உண்டு. நிழல் பட்டும் அசையாத சிப்பியை இனாமாகத் தந்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை கேட்டார்: "மாப்பிள்ளை, இது எப்ப சமைக்க?" விளக்கினேன். "அப்ப இது என்ன சாப்பிடும்?" வெளிச்சம் என்றேன். சிரித்தார். பாதிக்கு மேல் உண்மை அது. மேன்டிலுக்குள் குடியிருக்கும் பாசிகள் ஒளியில் சர்க்கரை செய்து சிப்பிக்கும் தருகின்றன. இந்த அளவு வளர்ந்த சிப்பிக்குப் புட்டிப் பாசி உணவு தேவையே இல்லை, கடைக்காரர்கள் என்ன சொன்னாலும் சரி.

மார்ச் 17, ஞாயிறு

விளக்கு அணைந்து வெகு நேரம் கழித்து சிவப்பு டார்ச்சோடு பார்த்தேன். ஓட்டின் மடிப்பில் அரிசிமணி அளவில் வெள்ளை நத்தைகள்! பிரமிடெல்லிட். பகலில் அடிப்பக்கத் துளைக்கருகே ஒளிந்துகொண்டு, இரவில் மேலேறி, நீண்ட குழாயால் சிப்பியின் சாற்றை உறிஞ்சும். ஒன்றிரண்டு இருந்தால் சிப்பி தாங்கும். ஆனால் அவை பெருகும் வேகம் பயங்கரம்.

சிப்பியை வாளியில் தொட்டித் தண்ணீரிலேயே வைத்து, பழைய பல்துலக்கியால் ஓட்டை நன்றாகத் தேய்த்தேன். கண்ணாடிபோல ஜெல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன, அவையும் போயின. சிப்பி தரையைப் பற்றிக்கொள்ளும் பிடிநூல்களை மட்டும் இழுக்கவில்லை. வலிந்து பிய்த்தால் காலோடு வந்துவிடும், அப்புறம் சிப்பி பிழைப்பது கஷ்டம். முட்டையில் மிச்சம் இருந்தால் பொரிக்கும் என்பதால் வாராவாரம் இதே வேலை.

ஏப்ரல் 18, வியாழன்

நத்தை இல்லை. ஆனால் அல்கலினிட்டி, அதாவது ஓடு கட்டச் செலவாகும் கார்பனேட்டின் அளவு, 8.6 டிகேஎச்சிலிருந்து (டிகேஎச் அதன் அலகு) இரண்டே நாளில் 7.7க்கு இறங்கியிருக்கிறது. பவளங்களும் பங்கு போடுகின்றன, இருந்தாலும் முன்பு இவ்வளவு வேகம் இல்லை. ஓடு வளர்கிறது என்று அர்த்தம். கால்சியம் 430 பிபிஎம்மிலேயே (பத்து லட்சத்தில் 430 பங்கு) நிற்பதைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது: 2.8 டிகேஎச் செலவானால் கால்சியம் 20 பிபிஎம்தான் குறையும், சாதாரணச் சோதனைக் கிட்டில் அது தெரியவே தெரியாது. இந்தச் சத்துகளைத் தானாகச் சொட்டவிடும் டோசிங் பம்பை கொஞ்சம் ஏற்றினேன்.

மே 11, சனி

வெயில். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் அறை 31 டிகிரி, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓயாமல் உறுமுகிறது, தொட்டி 26இல் இருக்கிறது. மின்கட்டணத்தை இந்த மாதம் நான் பார்க்கப் போவதில்லை.

மேன்டிலின் பழுப்பு வெளிறியிருக்கிறது. வெளிச்சம் அதிகமோ என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். சோதித்தால் நைட்ரேட் பூஜ்யம். உள்ளே உள்ள பாசிக்கும் நைட்ரஜன் வேண்டுமே. கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மரை இரவில் நிறுத்தி, மீன்களுக்குத் தீனியைக் கூட்டியிருக்கிறேன். நைட்ரேட் 5 பிபிஎம் வரை வந்தால் போதும்.

ஜூன் 2, ஞாயிறு

நிறம் திரும்பிவிட்டது. ஓட்டின் விளிம்பில் புது வெள்ளைக் கோடு. தொட்டியைக் கலைக்கும் நண்பர் ஒருவர் கோரல் பியூட்டி மீனைத் தருவதாகச் சொன்னார். அந்தக் குள்ள ஏஞ்சல் வகை மேன்டிலைக் கொறித்துப் பழகினால் சிப்பி திறக்கவே திறக்காது. வேண்டாம் என்றதில் அவருக்கு வருத்தம். சிப்பியைத் தொடாத ராயல் கிராமா மீன் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.