'நீண்டகால' என்ற சொல்லில் கோட்டை விட்டேன்

"கடல் வெப்பநிலையின் நீண்டகால மாறுபாட்டுக்கான காரணங்களையும் காலநிலை விளைவுகளையும் விளக்குக." பதினைந்து மார்க் கேள்வி. படித்ததும் உள்ளுக்குள் ஒரே குஷி. எல் நினோ (வெப்பமண்டலப் பசிபிக் நீர் சூடாவது), லா நினா (அதே நீர் குளிர்வது), வணிகக் காற்று என்று படத்தோடு இரண்டரைப் பக்கம் நிரப்பினேன். கிடைத்தது நான்கு. விடைத்தாளில் நான் எழுதியிருந்த தலைப்பில் 'நீண்டகால' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு. வேறு குறிப்பே இல்லை.

எல் நினோ 2 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை வந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் அடங்கிவிடும். கேட்டதோ பத்தாண்டுக் கணக்கில் நீளும் மாற்றத்தை. அன்றிலிருந்து எதைப் படித்தாலும் நோட்டின் ஓரத்தில் கால அளவைக் குறித்துவிட்டுத்தான் காரணத்துக்குப் போகிறேன். பசிபிக் பத்தாண்டு அலைவா (வட பசிபிக் நீரின் வெப்ப அமைப்பு இரண்டு நிலைகளுக்கிடையே மாறி மாறிப் போவது), ஒரு கட்டம் 20-30 ஆண்டு. அட்லாண்டிக் பல பத்தாண்டு அலைவா (வட அட்லாண்டிக் நீர் மாறி மாறிச் சூடாவதும் குளிர்வதும்), ஒரு சுற்று சுமார் 60-80 ஆண்டு. பசுங்குடில் வாயுக்களால் ஏறும் வெப்பம் அலைவே கிடையாது, ஒரே திசையில் போகிறது. இதை மற்றவற்றோடு கலந்து எழுதினால் மார்க் போகும்.

சரி, கடல் ஏன் இவ்வளவு மெதுவாக மாறுகிறது? மேலே உள்ள இரண்டரை மீட்டர் நீருக்கு மட்டுமே முழு வளிமண்டலத்தின் அளவுக்கு வெப்ப ஏற்புத்திறன் உண்டு. இதை மனப்பாடம் செய்வதைவிட, தினசரி வானிலையின் தாறுமாறான தள்ளல்களைக் கடல் சேர்த்துவைத்து மெதுவான அலையாக்குகிறது என்று 1976-இல் காலநிலை ஆய்வாளர் கிளாஸ் ஹாசல்மான் சொன்னதை நாணயத்தால் செய்து பாருங்கள் (2021-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்). பூஜ்யத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் இருக்கும் எண்ணில் பத்தில் ஒன்பது பங்கை வைத்துக்கொண்டு, தலை விழுந்தால் 1 கூட்டுங்கள், பூ விழுந்தால் 1 கழியுங்கள். நான் 120 தடவை சுண்டி வரைபடம் போட்டேன். கோடு வெகுநேரம் மேலேயே நின்றது, அப்புறம் கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சுண்டியது வெறும் நாணயம், கிடைத்தது நீண்ட அலை! நாணயம் தினசரி வானிலை. பத்தில் ஒன்பது பங்கு கடலின் நினைவு. இது புரிந்த பிறகு 'ஒவ்வொரு அலைவுக்கும் பின்னால் ஒரு கடிகாரம் இருக்க வேண்டும்' என்ற எண்ணமே போய்விட்டது.

மற்ற காரணங்களை ஓரிரு வரியில் முடிக்கலாம்: அட்லாண்டிக்கின் ஆழ்நீர்ச் சுழற்சி, 1991 பினட்டுபோ போன்ற பெரிய எரிமலை வெடிப்புகள், தொழிற்சாலைப் புகையின் நுண்துகள்கள். அட்லாண்டிக் அலைவு கடலுக்குள்ளேயே பிறக்கிறதா, எரிமலையும் புகையும் உண்டாக்கியதா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. அதையும் எழுதுங்கள், ஒரு பக்கம் மட்டும் சாயாதீர்கள்.

விளைவுக்கு என் விருப்பமான உதாரணம் சால்மன் மீன். பசிபிக் பத்தாண்டு அலைவுக்குப் பெயர் வைத்தவர் ஸ்டீவன் ஹேர் என்ற மீன்வள ஆய்வாளர், 1996-இல். 1976-77-இல் கட்டம் மாறியபோது அலாஸ்காவில் சால்மன் பிடிப்பு ஏறியது, தெற்கே வாஷிங்டன், ஓரிகான் பக்கம் சரிந்தது. வட அட்லாண்டிக் குளிர்ந்திருந்த 1970, 80-களில் சஹேலில் (ஆப்பிரிக்காவில் சஹாராவின் தெற்கு விளிம்பு) வந்த வறட்சியையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பெருங்கடல்களுக்கும் ஆளுக்கு ஒன்று ஆகிவிடும்.

கடல் வெப்ப வரைபடம் போடும்போது 1945-ஐ மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். பழைய பதிவுகளில் அங்கே திடீரென ஒரு பள்ளம் தெரியும். நான் அதற்கும் ஒரு அலைவைக் காரணம் காட்டியிருக்கிறேன்! போரின்போது பெரும்பாலான அளவீடுகள் அமெரிக்கக் கப்பல்களின் எஞ்சின் நீர்க்குழாயில் எடுத்தவை. போர் முடிந்ததும் வாளியில் நீர் மொண்டு அளக்கும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. மேலே தூக்குவதற்குள் வாளி நீர் கொஞ்சம் ஆறிவிடும். அந்தப் பள்ளத்தில் பெரும்பகுதி வாளியின் வேலை.