பனங்காய் ஏன் நுரைக்குது, சேர்?

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலர்க்குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "அண்ணை, கிரிக்கெட் பற்றியும் விடுதிச் சாப்பாடு பற்றியும் எழுத ஆக்கள் இருக்கினம். நீங்கள் படிப்பைப் பற்றி ஏதாவது எழுதுங்கோ." படிப்பு என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இலிப்பிட்டு, அதுதான் கொழுப்பு, எண்ணெய் வகையறா. சிரிக்க வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒரு வரிகூட மறக்காத பாடம் அதுதான்.

1992ஆம் ஆண்டு, உயர்தர உயிரியல் பிரிவு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஜாம் போத்தல் விளக்குக்குள் விட்டுப் படித்த காலம். ஆசிரியர்கள் பலர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டதால் இரசாயனவியலும் விலங்கியலும் எங்களுக்கு ஒரே சேர்தான். அவருடைய பெயரை எழுதினால் கோபிப்பார். படித்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

அன்று பலகையில் பெரிதாகக் "கொழுப்பு" என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

"கொழுப்பெண்டா என்ன?"

பின்வாங்கில் இருந்து ஒரு குரல்: "இவனைக் கேளுங்கோ சேர், இவனுக்குத்தான் கூட."

வகுப்பே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "கூடத்தான். ஒரு கிராமில ஒன்பது கிலோகலோரி. நீ தின்னுற சோத்து மாப்பொருளில நாலுதான். சும்மாவே எங்கட ஆக்கள் கொழுப்பெடுத்தவன் எண்டு சொன்னவை?" பிறகு மேசையில் இருந்த ஜாம் போத்தலைக் காட்டினார். மண்ணெண்ணெய் வெறும் காபனும் ஐதரசனும். கொழுப்பமிலத்தின் நீண்ட வாலும் அதேதான், நுனியில் மட்டும் ஒரு காபொட்சிலிக் கூட்டம். அதனால்தான் மண்ணெண்ணெய் இல்லாதபோது இலுப்பெண்ணெயில் விளக்கு எரிகிறது. ஒட்டகம் திமிலில் சேர்த்து வைத்திருப்பதும் தண்ணீர் அல்ல, இந்தக் கொழுப்புத்தான் என்றும் சொன்னார். அதுவரை தண்ணீர் என்றே நம்பியிருந்தேன்.

கட்டமைப்பைப் படிப்பிக்க அவருக்குப் படம் தேவைப்படவில்லை. கையை நீட்டுவார். உள்ளங்கை கிளிசரோல், நீட்டிய மூன்று விரல்கள் மூன்று கொழுப்பமிலங்கள். அதுதான் நாங்கள் சமையலுக்கு விடும் எண்ணெய். பிறகு ஓர விரலை மடக்கி அந்த இடத்தில் சோக்குத் துண்டைப் பிடிப்பார். சோக்கு பொசுபேற்று, தண்ணீரோடு சேரும். மிச்ச இரண்டு விரலும் சேராது. அது பொசுபோலிப்பிட்டு. இரட்டைப் பிணைப்பு வந்தால் விரல் வளையும். வளைந்த விரல்களை நெருக்கி அடுக்க ஏலாது, ஆகவே இளகிக் கிடக்கும். நேரான விரல்கள் விறகு அடுக்கினமாதிரி இறுகும். இரட்டைப் பிணைப்பே இல்லாத நிரம்பிய கொழுப்பு கட்டி, அது உள்ள நிரம்பாதது எண்ணெய்.

இந்த இடத்தில்தான் எங்கள் வகுப்பில் ஒருவன் எழும்பினான். (இப்போது மெல்பேர்னில் பல் வைத்தியர். அப்பவும் வாய் காட்டுவான்.) "சேர், தேங்காயெண்ணெயில பத்தில ஒன்பது பங்கு நிரம்பினதெண்டு புத்தகத்தில கிடக்கு. அப்ப ஏன் அது கட்டியா இல்லை?"

சேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மார்கழி விடியக்காலையில உன்ர கொம்மான்ர எண்ணெய்ப் போத்தலைப் போய்ப் பார்."

தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்ட அரைவாசி லோரிக் அமிலம். பன்னிரண்டே காபன். மாட்டுக் கொழுப்பில் இருப்பவை பதினாறு, பதினெட்டு. நிரம்பியதுதான், ஆனால் கட்டை விரல். இறுகப் பிடிக்க நீளம் போதாது. 24, 25 பாகை செல்சியசில் உருகிவிடும். எங்கள் ஊர் வெயிலில் எண்ணெய், மார்கழிப் பனியில் வெண்ணெய். நல்லெண்ணெயோ நிரம்பாத கொழுப்பமிலங்கள் மிகுந்தது, அந்தக் குளிருக்கெல்லாம் அசையாது.

செய்முறை வகுப்பு சவர்க்காரமாக்கல். ஆய்வுகூடத்தில் கடைசிப் போத்தல் சோடியம் ஐதரொட்சைட்டு இருந்தது. ஸ்பிரிட் விளக்குக்கு ஸ்பிரிட் இல்லை, சிரட்டைக்கரி அடுப்பு. யாரோ வீட்டில் இருந்து களவாகக் கொண்டுவந்த கால் போத்தல் தேங்காயெண்ணெய். அந்தக் காரம், கிளிசரோலையும் கொழுப்பமிலத்தையும் சேர்த்து வைத்திருக்கும் எசுத்தர் பிணைப்பை உடைக்க, கிளிசரோல் தனியே போய், கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு மிஞ்சும். உப்புப் போட்டால் சவர்க்காரம் பிரிந்து மேலே வரவேண்டும். போட்டோம், வரவில்லை. இன்னும் போட்டோம். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் உப்புத் தண்ணீரிலும் கரையும், லேசில் பிரியாது. கடல்நீரில் குளிக்கும் மாலுமிகளுக்கு அதில்தான் சவர்க்காரம் செய்தார்கள் என்று சேர் அப்போதுதான் சொல்கிறார். முதலே சொல்லியிருந்தால் அரை இறாத்தல் உப்பு மிஞ்சியிருக்கும். கடைசியில் வந்தது மஞ்சள் நிறமான களி. அதைப் பதினொரு துண்டாக வெட்டிப் பங்கிட்டோம். அம்மா அதைக் கண்ணில் ஒற்றாத குறை. சவர்க்காரம் கண்டு எத்தனை நாள்!

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. வன்னீர். கல்சியம் சவர்க்காரத்தைப் பிடித்துப் படிவாக்கிவிடும், நுரை வராது. லோரிக் சவர்க்காரம் அதிலும் ஓரளவு நுரைக்கும். அந்தத் தடைக்காலத்துக்கு எங்கள் தென்னை ஏற்ற ஆள்தான், எண்ணெயைத் தலைக்கும் கறிக்கும் விட்டு மிஞ்சினால்.

"எண்ணெய்க்குத் தண்ணியைப் பிடிக்காது" என்று நான் சோதனைத்தாளில் எழுதியிருந்தேன். சேர் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு வகுப்பில் விளக்கினார். எண்ணெய் ஒருவரையும் வெறுக்கவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. எண்ணெய் உள்ளே வந்தால் அதைச் சுற்றி ஒழுங்காக வரிசைகட்டி நிற்கவேண்டி வரும், சுதந்திரம் போய்விடும். அதனால் எண்ணெயை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடுகின்றன. "கலியாண வீட்டில சொந்தக்காரர் தங்களுக்குள்ள கதைச்சுக்கொண்டு நிப்பினம். தெரியாத ஆக்கள் நாலு பேர் மூலையில ஒண்டாக் குந்துவினம். அவை நாலு பேரும் கூட்டாளியளே? இல்லை." நீர்வெறுப்பு என்ற சொல்லை இன்று எங்கே கண்டாலும் எனக்கு அந்தக் கலியாண வீடுதான். பொசுபோலிப்பிட்டின் இரண்டு வாலும் இப்படி ஒதுக்கப்பட்டு உள்ளே ஒளிய, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்க்க, இரண்டு அடுக்குத் தாள் தானாகவே உருவாகிறது. எந்த உயிர்க் கலத்தையும் சுற்றியிருக்கும் மென்சவ்வு அதுதான்.

"இரண்டு அடுக்கெண்டு ஆர் சேர் எண்ணிப் பாத்தது?" என்றான் அதே பல் வைத்தியன்.

அதற்கு அவர் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, மேலே பவுடர் தூவி, ஊசிமுனையால் எண்ணெயைத் தொட்டு வைத்தார். பவுடர் சட்டென்று விலகி ஓடியது. ஒரு மூலக்கூறு தடிப்பு மட்டும் விரிந்த படலம், ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு. பெஞ்சமின் பிராங்ளின் லண்டன் கிளப்பம் கொமன் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு அரை ஏக்கர் தண்ணீர் அடங்கியதாக 1774இல் எழுதிவைத்தார். (லண்டன் கிளைக்காரர் அடுத்த ஒன்றுகூடலை அங்கே வைக்கலாம்.) 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு ஒல்லாந்தர் செங்குருதிக் கலங்களில் இருந்து இலிப்பிட்டைப் பிரித்துத் தண்ணீரில் விரித்தார்கள். முலையூட்டிகளின் செங்குருதிக் கலத்துக்குள் வேறு மென்சவ்வு இல்லை, வெளிச்சவ்வு மட்டுமே. விரிந்த பரப்பு கலங்களின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு. ஆகவே இரண்டு அடுக்கு. உண்மையில் அவர்கள் இலிப்பிட்டு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. கலத்தின் பரப்பையும் குறைத்தே கணித்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டி விடை சரியாக வந்துவிட்டது. "பிழை விடுறதெண்டாலும் உப்பிடிச் சோடியா விடவேணும்" என்றார் சேர். சோதனையில் நான் ஒற்றையாகத்தான் விட்டேன். அது வேறு கதை.

பனங்காய்க்கு வருகிறேன். சவர்க்காரம் இல்லாத அந்த நாட்களில் ஆச்சி பனம்பழத்தைப் பிழிந்து அந்தக் களியில் எங்கள் வெள்ளைச் சேட்டுகளைத் தோய்ப்பா. நன்றாக நுரைக்கும். காய்ந்தபிறகும் மணக்கும், ஒருநாள் கொடியில் கிடந்த என் சேட்டின் கையை அயல்வீட்டு மாடு சப்பிவிட்டது. அந்தக் கையோடேயே பள்ளிக்கூடம் போய்க் காரணமும் கேட்டேன்: "பனங்காய் ஏன் நுரைக்குது, சேர்? அதில சவர்க்காரமே கிடக்கு?" சேர் யோசித்தார். "தெரியேல்லை. பாத்துச் சொல்லுறன்." தெரியாது என்று சொன்ன ஆசிரியரை நான் அதுக்கு முன்னர் கண்டதில்லை.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு எல்லாரும் திக்குத்திக்காகப் போனோம். நான் ஒருமாதிரி ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். முதல் மாரியில் அறைக்கூட்டாளி தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் குப்பையில் போடப் போனார், "பழுதாப் போச்சு, வெள்ளை பிடிச்சிட்டுது" என்று. தடுத்து நிறுத்தி ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். பனிமானின் கால்களைப் பற்றி வாசித்தபோதும் சேரின் வளைந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது: குளம்பை நோக்கி இறங்க இறங்க கொழுப்பில் நிரம்பாதவை கூடிக்கொண்டு போகும், உறைபனியில் நிற்கும் கால் விறைக்காமல் இருக்க. இப்போது குடும்ப வைத்தியர் கொலஸ்ரரோல் கூட என்று ஒரு குளிசையும், விற்றமின் டி குறைவு என்று இன்னொரு குளிசையும் தருகிறார். கொலஸ்ரரோலுக்கு ஒரு படி முந்திய பொருளில் இருந்துதான் தோலில் வெயில் பட்டு விற்றமின் டி உண்டாகிறது. எனக்கு முதற்பொருள் தாராளம், வெயில்தான் இல்லை.

ஒருநாள் இரவு, பனங்காயின் கைப்பு பற்றி இலங்கை ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கைப்புக்குக் காரணமான பொருளின் பெயர் பிளபெலிபெரின். பனையின் தாவரவியற் பெயரில் இருந்து வந்த பெயர். ஸ்ரிரோயிட்டு சப்போனின், சவர்க்காரம்போலத் தண்ணீரில் நுரைக்கும் தாவரப்பொருள் வகை: கொலஸ்ரரோலின் உறவான வளையச் சட்டகம் ஒருபக்கம், சர்க்கரை அலகுகள் மறுபக்கம். ஒருபக்கம் எண்ணெயோடு சேரும், மறுபக்கம் தண்ணீரோடு சேரும். சோக்குப் பிடித்த அதே கை! ஆச்சி தோய்த்தது இலிப்பிட்டின் ஒன்றுவிட்ட சகோதரத்தில்.

அந்த நேரம் ஊரில் விடிந்திருக்கும். சேரின் இலக்கத்தை நண்பனிடம் வாங்கி எடுத்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மாறவில்லை. பேரைச் சொன்னேன். "மாடு சப்பின சேட்டோ?" என்றார். மூச்சுவிடாமல் பிளபெலிபெரின் முழுவதையும் ஒப்புவித்தேன். மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை.

"அது எனக்கு எப்பவோ தெரியும். சோதனை முடிஞ்ச பிறகு நீ வகுப்புப் பக்கம் வந்தனியே, சொல்ல?"