பூட்டிய டப்பாவும் இறங்காத பிரஷரும்

அப்பாவுக்கு பிரஷர் என்று தெரிந்த அன்று வீட்டில் முதலில் எகிறியது அம்மாவின் பிரஷர்தான். டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். மேல் எண் 158, கீழ் எண் 96, ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாம், தினமும் நடங்க, உப்பைக் குறைங்க. இத்தனையில் அம்மா காதில் விழுந்தது கடைசியாகச் சொன்னது மட்டும்தான். வீட்டுக்குள் நுழைந்த கையோடு சாப்பாட்டு மேசையில் இருந்த உப்புக் குப்பியை எடுத்தாள், அடுப்படி டப்பாவையும் எடுத்தாள், இரண்டையும் வீட்டுப் பத்திரம் வைக்கும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஒவ்வொரு வேளை சமையலுக்கும் பீரோவைத் திறந்து, சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு திரும்பப் பூட்டுவாள். ஜன்னல் வழியாக யாராவது பார்த்திருந்தால் அந்த டப்பாவுக்குள் வைரம் இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. டாக்டரம்மாவும் அதையேதான் சொல்லியிருந்தார். அம்மா அதைத் தன் பாணியில் திருத்தி அப்பாவுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று ஆக்கினாள், அப்புறம் அப்பாவுக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தனியாக என்று யார் சமைப்பது என்பதால் எங்களுக்கும் பூஜ்யம். "அவருக்கு பிரஷர்னா நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று அண்ணன் கேட்டான். கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான். அந்தச் சத்தம் கூடம் வரை கேட்டது, அப்பா ஒரு பெருமூச்சு விட்டார்.

அப்பா சண்டை போடுகிற ஆள் இல்லை, பழமொழி சொல்கிற ஆள். தட்டைப் பார்ப்பார், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார், தட்டை அரை அங்குலம் தள்ளிவைப்பார். வேளைக்கு ஒரு முறை இதே வசனம். ஒருநாள் அம்மா ஒன்றும் பேசாமல் போய் குப்பைத் தொட்டியைத் தூக்கிவந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். "எது எது அங்க போகணுமோ போட்டுடுங்க, எழுந்திருக்கிற சிரமம் வேண்டாம்." அன்றோடு அந்தப் பழமொழி எங்கள் வீட்டை விட்டுப் போனது. தட்டும் காலியானது.

இதற்கிடையில் வீட்டுக்கே ஒரு பிரஷர் மிஷின் வாங்கினோம். கையில் பட்டையைச் சுற்றியதும் அம்மா விசாரணையை ஆரம்பிப்பாள், மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களா, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு. அப்பா குரலை உயர்த்திப் பதில் சொல்வார், மிஷின் 165 காட்டும், "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அம்மா கத்துவாள், இரண்டாம் முறை 170. பேசினாலே எண் ஏறும், ஐந்து நிமிடம் வாயை மூடி, முதுகு சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்று மிஷினோடு வந்த தாளிலேயே எழுதியிருந்தது. இதை நான் படித்துக் காட்டியபோது அம்மா சொன்னது, "அஞ்சு நிமிஷம் அவர் சும்மா இருப்பாரு, நான் எப்படி இருக்கிறது?"

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். மேல் எண் 152. இவ்வளவு கெடுபிடிக்கு வெறும் ஆறு புள்ளி. அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "வீட்டுல உப்புன்னு ஒண்ணு இருக்கிறதே இல்ல டாக்டர், பூட்டி வெச்சிருக்கேன்" என்று சாவியை எடுத்தே காட்டினாள். டாக்டரம்மா சாவியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், "காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன சாப்பிடுறீங்க, வரிசையா சொல்லுங்க" என்றார்.

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். காலையில் நாலு பிரெட், நடுவில் சீஸ். பதினொரு மணிக்கு பாக்கெட் சூப், அது உடம்புக்கு நல்லதுதானே டாக்டர். மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, அதில் உப்பே இல்லை. சாயங்காலம் பசி எடுக்கும், வீட்டுச் சாப்பாடு இறங்காததால் வரும் பசி, அதற்கு ஒரு பாக்கெட் நூடுல்ஸ். அப்புறம் இந்தச் சாப்பாட்டுப் பிரச்சினையில் தலைவலி வருகிறது, அதற்குத் தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையுமே, அந்த மாத்திரை. "எல்லாத்தையும் எங்க சாப்பிடுறீங்க?" என்று அம்மா கேட்ட குரலில் அந்த அறையின் ஏசியே தேவைப்படவில்லை. "எதிர்ல, உன் எதிர்லயேதான். நீதான் உப்பு டப்பாவையே பாத்துட்டு இருந்தே."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டார். பாக்கெட்டில் உப்பு என்று போட மாட்டார்கள், சோடியம் என்று போடுவார்கள், அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. அந்த சூப் பாக்கெட்டில் ஒரு பரிமாறலுக்கு 800 மில்லிகிராம் என்று இருந்தால் 2 கிராம் உப்பு, ஆனால் பாக்கெட்டுக்குள் இருப்பது இரண்டு பரிமாறல் (அந்தக் குட்டி பாக்கெட்டை இரண்டு பேர் பகிர்ந்து குடிக்கும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை), ஆக 4 கிராம். நாள் முழுவதற்கும் மிச்சம் ஒரே ஒரு கிராம். பிரெட் நாக்குக்கு உப்பாகவே தெரியாது, ஆனால் ஒரு துண்டில் 100 முதல் 200 மில்லிகிராம் சோடியம் சாதாரணம். நுரைக்கிற மாத்திரைதான் எனக்கே அதிர்ச்சி. அந்த நுரை வருவதே சோடியம் சேர்ந்த சோடா உப்பால், சில வகைகளில் ஒரு மாத்திரைக்கே 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பில்லாச் சாப்பாட்டால் தலைவலி, தலைவலிக்கு ஒரு கிராம் உப்பு. மனுஷர் ஒரு வட்டத்தையே போட்டு வைத்திருந்தார்.

"சரி, அந்த உப்பு ரத்தக்குழாய்ல போய் என்னதான் பண்ணுது?" என்று அப்பா கேட்டார், வாதத்தைத் திசைதிருப்பத்தான். சோடியம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும், சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறினால் ரத்தத்தின் அளவு கூடும், குழாய் அதே குழாய்தான், எனவே உள்ளே அழுத்தம் ஏறும் என்றார் டாக்டரம்மா. நாளுக்கு நாலு கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாக உப்பைக் குறைத்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக ஐந்து புள்ளி இறங்குகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்ததாம். "இவ்வளவு கொடுமைக்கு அஞ்சா?" என்றார் அப்பா. "மாத்திரையும் இறக்குது, அது மேல இந்த அஞ்சு. வேண்டாம்னா இன்னொரு மாத்திரை எழுதவா?" அப்பா வாயை மூடிக்கொண்டார்.

அம்மா அசருகிற ஆளா? தோல்விக்கு மாற்று உப்பில் பதில் தேடினாள். முதலில் இளஞ்சிவப்பு உப்பு. யாரோ நல்லது என்று சொன்னார்களாம். அந்த நிறம் துளித்துளி இரும்பால் வருவது, மற்றபடி அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சோடியம் குளோரைடுதான், விலையைத் தவிர பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் அண்ணன் "சோடியம் குறைந்த உப்பு" என்று ஒன்றை வாங்கிவந்தான். அது நிஜமாகவே வேறு சரக்கு, சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு பொட்டாசியம் குளோரைடு கலப்பது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரைச் சேர்த்து, பாதிக் கிராமங்களுக்கு மட்டும் அப்படியொரு உப்பைக் கொடுத்துப் பார்த்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள், வழக்கமான உப்பு சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. அண்ணன் இதைப் படித்துவிட்டு ஆராய்ச்சியாளன் தோரணையில் சுற்றினான். நல்லவேளை, அம்மா டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாள். அப்பா சாப்பிடும் மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்குகிற வகை, மேலும் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே ஆபத்து, ரத்தப் பரிசோதனை செய்யாமல் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாக்கெட்டும் பீரோவுக்குள் போனது.

ஒருவழியாக நடந்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். பாக்கெட் சாமான்கள் நின்றன. சமையலில் உப்பு திரும்ப வந்தது, முன்பு போட்டதில் பாதிக்கும் கொஞ்சம் மேல், அப்புறம் அதையும் யாருக்கும் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். என்னைக் கேட்டால் முதல் நாளே இப்படிச் செய்திருக்க வேண்டும், ஒரே இரவில் பூஜ்யமாக்கினால் எந்த நாக்கும் கலகம்தான் செய்யும். எலுமிச்சை பிழிவாள், மிளகும் பூண்டும் தாராளமாகப் போடுவாள், உப்பைக் கொதிக்கும்போது கொட்டாமல் கடைசியில் மேலாகத் தூவுவாள், கொஞ்சம் தூவினாலே நாக்கில் நேராகப் பட்டு உப்பு தெரிகிறது. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு விருந்தில் அப்பா சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "யாரோ ரெண்டு தடவை உப்பு போட்டிருக்காங்க" என்று என் காதில் சொன்னார். மற்ற எல்லோரும் ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பிரஷர் 134, 136 என்று நிற்கிறது. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, உப்பின் பங்கு எவ்வளவு என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தீராத வழக்கு. புதுத் தொல்லை என்னவென்றால், அப்பாவை நம்பிக் கடைக்குப் போக முடிவதில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். தனக்குப் படித்தால் பரவாயில்லை, பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர்கள் கூடையில் இருப்பதையும் எட்டிப் பார்த்து "இதை 2.5 ஆல பெருக்குங்க" என்கிறார்.

போன வாரம் சும்மா வேடிக்கைக்காக அண்ணன் அந்த மிஷினில் கையை நுழைத்தான். 148. வாயை மூடி ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தோம், 146. டாக்டரிடம் நேரம் வாங்க அம்மா போனைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பா முகத்தில் இருந்தது கவலை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நேராக அண்ணன் அறைக்குப் போனார், சிப்ஸ் பாக்கெட்டோடு திரும்பி வந்தார், நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சொல்லுடா, காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன சாப்பிடுற?"