ஒரு வாரம் பாடம், ஒரு வாரம் பட்டறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பல ஊர்கள் சேர்ந்து நடத்தும் வட்டாரத் தொழிற்கல்விப் பள்ளிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஒரு வாரம் கணிதமும் இலக்கியமும். அடுத்த வாரம் முழுக்கப் பட்டறை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததுமே ஒரு தொழிலைத் தலையில் கட்டிவிடுவதில்லை. தச்சு, மின்பணி, வெல்டிங் என்று பலவற்றிலும் கைவைத்துப் பார்த்த பிறகே மாணவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். சமையற்கலை மாணவர்கள் நடத்தும் உணவகத்துக்கு ஊர்மக்களே சாப்பிட வருகிறார்கள்! மேல்வகுப்பில், பட்டறை வாரத்தில் வெளியே சம்பளத்துக்கு வேலை பார்க்கவும் வழியுண்டு.

1906இல், தொழிற்கல்வியின் தேவையை ஆராய்ந்த அம்மாநிலத்தின் டக்ளஸ் ஆணையம் இதற்கு விதை போட்டது. 1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு அமெரிக்க மத்திய அரசின் நிதியைக் கொண்டுவந்தது.

தொழிற்கல்விப் பள்ளி என்றால் படிப்பு வராதவர்கள் போகுமிடம் என்ற பேச்சை என்னால் ஏற்கவே முடியாது. இன்று அங்கே பல பள்ளிகளில் இடம் கிடைக்காமல் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.