மட்டக்களப்பு, கல்லடிப் பாலத்துக்கு இங்கால

2024 ஜூலை 9, செவ்வாய்
செத்த வீட்டில மயங்கி விழுந்திட்டன். கனநேரம் இல்லையாம்.

ஜூலை 10, புதன்
கனநேரம் இல்லை எண்டு ஆர் அளந்தது? மச்சான் அரை நிமிசம் எண்டுறான். பெரியம்மா பத்து நிமிசம் எண்டுறா. எனக்கு அதில ஒரு செக்கனும் மிஞ்சல்ல.

பந்தலுக்குள்ள நல்ல வெக்கை. கச்சான் காத்து தகரத்தைச் சுட்டுப் போட்டு வந்து முகத்தில அடிக்குது. ஒண்டரை மணித்தியாலமா ஒரே இடத்தில நிண்டன். பறை அடிச்சது. மறுகா அந்தப் பறை தண்ணிக்கு அடியில இருந்து வாற மாதிரி வந்துது. வேர்வை குளிர்ந்துது, வயித்தப் பிரட்டிச்சு, கண்ணோரத்தில இருந்து கறுப்பு உள்ளுக்கு வந்துது. கடைசியாக் கண்டது ஒரு சின்னப் புள்ளையிர நீலச் செருப்பு. அடுத்ததாக் கண்டது பந்தல் தகரம்.

முழிச்சா வலக் கைக்குள்ள ஓட்டோத் திறப்பு. கை ரெண்டு தரம் வெட்டி இழுத்ததாம். வலிப்பாக்கும், இரும்பு குடுத்தா நிக்கும் எண்டு என்ட பொக்கற்றுக்க இருந்தே எடுத்துத் திணிச்சிருக்காங்க. உள்ளங்கையில பல்லுப் பல்லா அடையாளம்.

இண்டைக்கு ஓட்டோ ஓடல்ல. நம்மட ஸ்டாண்டுப் பொடியன் ஒருத்தன் ஓடினான்.

ஜூலை 11, வியாழன்
ஓடினன். நாலு பள்ளிக்கூடப் புள்ளையள். பாலத்துக்கு மேல நல்ல காத்து.

ஜூலை 13, சனி
காரணம் ஆளுக்கொண்டு. பெரியம்மாவுக்கு, செத்த வீட்டில பட்டது. மந்திரிக்கிற கட்டாடியாரிட்ட நூல் கட்டோணும். ஸ்டாண்டுக்கு, சீனி வருத்தம். முடிவெட்டுறவருக்கு, வாய்வு. மனிசிக்கு, காலத்தால பிளேன்டீயோட ஓடுற ஓட்டம். நூலும் கட்டியாச்சு, சீனியும் குத்திப் பார்த்தாச்சு, அது சரியாத்தான் கிடக்கு.

அப்பாட கதைய ஒருத்தரும் எடுக்கல்ல. அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு குந்தி இருந்து கீரை ஆய்ஞ்சா.

ஜூலை 15, திங்கள்
விடிய ரெண்டு மணிக்கு ஒண்டுக்குப் போய் நிண்ட நிலையில விழுந்திட்டன். நாடியில ரெண்டு தையல். இந்த முறை செருப்பும் இல்ல, பறையும் இல்ல.

ஜூலை 16, செவ்வாய்
டொக்டர் சின்னப் பொம்பிளை, அவசரப்படல்ல. படுக்க வைச்சுப் பிரஷர் பார்த்தா: 126. எழும்பி நிக்கச் சொல்லி ஒரு நிமிசத்தில பார்த்தா: 102. மேல் கணக்கு 20 இறங்கினாலே அது ஒரு காரணமாம். போன மாசம்தான் பிரஷர் குளிசையக் கூட்டினது. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

ஓட்டோக்காரன் எங்க தண்ணி குடிக்கிற? குடிச்சா இறக்க இடம் வேணும். ஸ்டாண்டில நாங்க எல்லாரும் அப்பிடித்தான், பின்னேரம் வரைக்கும் உதட்டைக் காயப் போட்டுக்கொண்டு. சொன்னன். சிரிக்கல்ல, எழுதினா.

கை இழுத்ததையும் கேட்டா. மூளைக்கு ரத்தம் குறைஞ்சா வெறும் மயக்கத்திலயும் சில செக்கன் இழுக்குமாம். நாக்குக் கரையில கடிச்சிருந்தா, முழிச்ச பிறகும் கனநேரம் ஆக்களை அடையாளம் தெரியாமக் கிடந்தா, அப்பதான் வலிப்ப யோசிக்கிற. ராவுல நித்திரையால எழும்பி நிண்டு ஒண்டுக்கு இருந்தாலும் விழுவினமாம், ஆம்பிளையள் குந்தி இருக்கிறது நல்லம் எண்டா. 43 வயசில இதையும் கேட்க வேண்டிக் கிடக்கு.

மறுகா, பேனையால தட்டிக்கொண்டு: "குடும்பத்தில ஐம்பது வயசுக்குள்ள திடீரெண்டு செத்தவங்க?"

அப்பா எண்டன்.

"என்னத்தில?"

1998 மார்ச். வயல் வட்டைக்குள்ள கதிரைக் குவிச்சுச் சூடு போட்டுக்கொண்டு நிண்டவர். கட்டுத் தூக்கினவர், அப்பிடியே சரிஞ்சார். பாம்பு எண்டாங்க, வெயில் எண்டாங்க, செய்வினை எண்டாங்க. உழவு மிசின் பெட்டியில ஏத்தி, ஆமிச் சென்றி தாண்டி, ஆத்தைத் தாண்டி வர ரெண்டரை மணித்தியாலம். மரணப் பத்திரத்தில மாரடைப்பு. வெட்டிப் பார்க்கல்ல. 44 வயசு.

"வேலை செய்துகொண்டு நிக்கக்குள்ளயா விழுந்தார்?" திருப்பியும் கேட்டா. ஓம். அதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டா.

ஈசிஜி நல்லாக் கிடக்காம். ஆனா அது பத்துச் செக்கன்தான் பிடிக்கும். 24 மணித்தியாலம் பிடிக்கிற பெட்டி ஒண்டு மாட்டோணும், நெஞ்சை ஸ்கேன் பண்ணுற எக்கோவும் எடுக்கோணும். குளிசை பாதி. அது முடியிற வரைக்கும் ஓட்டோ தொடக் கூடாது.

ஜூலை 17, புதன்
திறப்ப மனிசியிட்டக் குடுத்தன். சாமிப் படத்துக்குப் பின்னால வைச்சிருக்கா. புள்ளையளிர வீட்டுக்கு ஓட்டோ பழுது எண்டு சொல்லியாச்சு.

ஜூலை 19, வெள்ளி
தண்ணி மூண்டு லீற்றர். ஒண்டுக்கு பதினொரு தரம்.

ஜூலை 22, திங்கள்
எழும்புற எண்டா முதல் இருக்கோணும், காலை ஆட்டோணும், மறுகாதான் நிக்கிற. தலை லேசானா காலைப் பின்னிக்கொண்டு ரெண்டு கையையும் பொத்தி இறுக்கோணும், ரத்தம் மேல ஏறுமாம். இண்டைக்குக் கடையில அப்பிடி நிக்க, கடைக்காரன் பின்னுக்குக் கக்கூஸ் இருக்கு அண்ணன் எண்டான்.

சின்னவன் நான் எழும்புற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டு நிக்கிறான். பத்து வயசு. "வேணாம், நீ படி" எண்டு ஏசிப்போட்டன்.

ஜூலை 24, புதன்
ஒரு நாளும் தலை சுத்தல்ல. குளிசைதான் எண்டு நினைக்கிறன். தண்ணிதான்.

ஜூலை 25, வியாழன்
குளிசை எண்டா அப்பாவுக்கு என்ன? அவர் பெனடோல் கூடப் போட்டதில்ல.

ஜூலை 27, சனி
பொய் தாங்கல்ல. நாலு வீட்டுக்கும் கோல் எடுத்து உள்ளதைச் சொன்னன். மூண்டு பேர் கவனமா இருங்க தம்பி எண்டாங்க. நாலாவது, ரெண்டாம் வகுப்புப் புள்ளையிர தாய், எப்ப விழுந்த எண்டு கேட்டா. ஒன்பதாந் திகதி எண்டன். கொஞ்ச நேரம் சத்தம் இல்ல.

"அப்ப பதினொண்டாந் திகதி ஓடினது?"

நான் எண்டன். போனை வைச்சிட்டா.

பாலத்தில போகக்குள்ள அந்தப் புள்ளை எப்பவும் முன்னுக்கு வந்து என்ட தோளைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கும். வாவியில தோணி எண்ணும்.

ஜூலை 28, ஞாயிறு
நித்திரை இல்ல. தோணி.

ஜூலை 31, புதன்
அந்தப் பெட்டி மாட்ட ஆஸ்பத்திரி வரிசைக்கு நிண்டா செப்டம்பர். தனியார் இடத்தில சனிக்கிழமை இருக்காம். ஒரு மாச லீசிங் காசு போகுது. போட்டா ஞாயிறு பத்தரை வரைக்கும் கழட்டேலாது, நனைக்கேலாது.

ஞாயிறு ஆடி அமாவாசை.

அம்மா இதைக் கேட்டிட்டு அடுப்புக்க போனா, கிறுகி வந்தா. "26 வருசமா மாமாங்கக் கோயில் குளத்தில முழுகின நீ. இந்த வருசம் அப்பாவுக்கு ஆர் மனே?" அதே வாயால, "நீ விரதம் இருக்க வேணாம், சாப்பிட்டிட்டுப் போ" எண்டும் சொல்றா. ரெண்டும் சண்டைதான். விழுந்தா தண்ணிக்குள்ள விழுவன் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும்.

திகதி மாத்தட்டா எண்டு மனிசி கேட்டா. வேணாம்.

ஆகஸ்ட் 3, சனி
நெஞ்சு மயிர் வழிச்சு வயர் ஒட்டினாங்க. பெட்டி தீப்பெட்டிய விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு தாளும் தந்தாங்க: என்ன செய்த, என்ன செய்யுது, நேரத்தோட எழுதோணுமாம். எழுதத்தானே தெரியும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
5.10 முழிச்சன். கட்டில் விளிம்பில ரெண்டு நிமிசம்.
5.30 தண்ணி ரெண்டு கிளாஸ். விரதம். அம்மா ஒண்டும் சொல்லல்ல.
6.40 அமிர்தகழி, மாமாங்கக் கோயில். சனம். மச்சான்ட ஓட்டோவில பின்னுக்கு இருந்து வந்தன்.
7.05 குளக்கட்டு. நிக்கிறன். வெயில் இன்னும் ஏறல்ல.
7.15 காலைப் பின்னிக்கொண்டு நிக்கிறன். தலை சுத்தல்ல, சும்மாதான்.
7.20 சின்னவன் சேட்டைக் கழட்டினான். அம்மா அவன்ட கையைப் பிடிச்சுப் படியில இறக்குறா.
7.22 அவன் முழுகினான். நெஞ்சு கடும் அடி.
7.22 வந்திட்டான்.
7.24 மூண்டு தரமும் முழுகியாச்சு. அடி குறையுது.
7.40 ஐயருக்கு முன்னால இருக்கிறம். நனைஞ்ச தலையோட சின்னவன் என்ட முகத்தையே பார்க்கிறான். ஐயர் பேர் கேட்கிறார். அவனுக்கு அப்பப்பாட முழுப் பேர் தெரியாது.