தலையணை உறைத் துண்டு

ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய லாண்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே எல்லோரும் பயப்பட்டது, துவைத்த துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழியும் ஹைட்ரோ மெஷினுக்குத்தான். ஸ்விட்சை அணைத்த பிறகும் அதன் கூடை சுற்றிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுத் துணியை இழுத்தால் கையையும் சேர்த்து முறுக்கிவிடும். விரிப்புகளை இஸ்திரி போடும் கேலண்டர் மெஷினுக்கு யாரும் பயந்ததில்லை.

ஈரமான பெட்ஷீட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலை பிடித்து விடுவார்கள். நீராவியில் காய்ந்த இரும்புப் படுகைக்கும் துணி சுற்றிய உருளைக்கும் நடுவே போய், மறுபக்கம் மொறமொறவென்று வரும். படுகையின் சூடு 170 டிகிரி வரை போகும். துணி நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். எங்கள் மெஷினில் கனமான விரிப்பு பட்டாலும் நின்றது. கல்யாண சீசனில் வண்டி வண்டியாகத் துணி வந்து இறங்கும்போது இப்படி நின்று நின்று ஓடினால் வேலை முடியாது. யாரோ பழைய தலையணை உறையைக் கிழித்து அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன்.

அன்றைக்கு ஒரு விரிப்பின் மூலை மடிந்து போனது. மடிப்பைக் கண்டால் நீவிவிடக் கை தானாகப் போகும், விரிப்பைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் பதினோரு வருடப் பழக்கம். நான்கு விரல்கள் உள்ளே போய்விட்டன. எதிரே நின்ற பெண் சிவப்பு பட்டனை அடித்தாள். மெஷின் நின்றது, கை வெளியே வரவில்லை. உருளை நின்றாலும் அழுத்தம் விடாது, படுகையும் உடனே ஆறாது. நின்ற மெஷினுக்குள்தான் அந்தக் கை வெந்தது. உருளையைத் தூக்கும் லீவர் எங்கே இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மெக்கானிக் ஓடி வந்துதான் தூக்கினார்.

அறிக்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார்கள். அப்போது அமலில் இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மெஷின் ஓடும்வரை தடுப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றது. கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, பார்த்து நடக்கவில்லை என்று யாரைக் குறை சொல்வது? கம்பி கட்டியிருந்ததை எழுதினேன். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததையும் எழுதினேன்.

மறுவாரம் மெக்கானிக் அந்தத் துண்டை அவிழ்த்துவிட்டு, கம்பியின் ஸ்பிரிங்கைச் சரிசெய்தார். அரை மணி நேர வேலை. அதற்கப்புறம் கனமான விரிப்புக்கும் மெஷின் நிற்கவில்லை.