உறைபனியும் சித்தப்பாவோட ஈரலும்

ஜனவரி 5, மஞ்சூர்

நாளைக்கு கோயமுத்தூர்ல சித்தப்பாவுக்கு ஆபரேஷன். கல்லீரல்ல கட்டி இருக்கற பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்கறாங்க. வெட்டும்போது ரத்தம் கொட்டாம இருக்க ஈரலுக்கு போற குழாய்களை 15 நிமிஷம் கிளாம்ப் போட்டு நிறுத்துவோம், 5 நிமிஷம் விடுவோம், மறுபடி 15ன்னு டாக்டர் பேப்பர்ல படம் போட்டு காட்டினாராம். கிளாஸ்கோ சர்ஜன் பிரிங்கிள் 1908ல எழுதி வச்ச வித்தை, இன்னும் ஓடுது. "ரத்தத்த நிறுத்துனா ஈரல் செத்துராதா கண்ணு"ன்னு சித்தி போன்ல கேக்குது. பயோகெமிஸ்ட்ரி படிச்ச பாவத்துக்கு வீட்டுல எல்லா கேள்வியும் எனக்குத்தான்.

ஜனவரி 6

நல்லபடியா முடிஞ்சுது. எழுத தெம்பில்ல. குளிரு கொல்லுது.

ஜனவரி 7

விடிஞ்சு பாத்தா பள்ளத்து தேயிலை பூரா வெள்ளையா உறைபனி. அதே நேரம் வாட்ஸப்ல ரிப்போர்ட், ஏஎல்டி (ஈரல் செல்லு அடிபட்டா ரத்தத்துல ஏறற என்சைம்) 480. சித்தி அழுகை. ஆபரேஷன் நல்லா ஆச்சுன்னா ஏன் ஏறுதுன்னு.

அப்பா எப்பவும் சொல்வாரு, ராத்திரி பனியை விட காலைல சுள்ளுனு அடிக்கற வெயிலுதான் கொழுந்தை கருக்குதுன்னு. அதையே சித்திக்கு சொன்னேன், ரத்தம் நிக்கறது பனி, திரும்பி வர்றது வெயிலுன்னு. ரத்தம் நின்னதும் செல்லுக்கு ஆக்சிஜன் இல்ல, ஏடிபி (செல்லோட எரிசக்தி) தீந்து போகுது, கால்சியம் உள்ள ஏறுது, செல்லுக்கு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியால சக்சினேட்ங்கற எரிபொருள் குவியுது (2014ல எலியோட ஈரல், இதயம், கிட்னி, மூளை எல்லாத்துலயும் இதை பாத்திருக்காங்க). கிளாம்ப்பை எடுத்ததும் ஆக்சிஜன் குபீர்னு வருது, குவிஞ்ச சக்சினேட் மடமடன்னு எரியுது, எலக்ட்ரான் போக வேண்டிய பக்கம் போகாம பின்னாடி திரும்பி காம்ப்ளெக்ஸ் ஒண்ணுங்கற புரதத் தொகுப்புல ஆக்சிஜனோட சேந்து சூப்பராக்சைடுங்கற நச்சா வெளிய வருது, அதுவும் கால்சியமும் சேந்து மைட்டோகாண்ட்ரியா சவ்வுல ஓட்டையை தொறந்து விட்டுடுது. ஈரலுக்குள்ளயே காவல் இருக்கற கூஃப்பர் செல்லுங்க வேற கத்தி ஊரைக் கூட்டும், டிஎன்எஃப் ஆல்ஃபா மாதிரி அழற்சி சிக்னல் எல்லாம் விடும், அந்த சத்தத்துக்கு சில மணி நேரம் கழிச்சு நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு கும்பலா வந்து தன் பங்குக்கு அடிக்கும். செத்த செல்லுல இருந்து ஒழுகற என்சைம்தான் சித்தி அந்த 480.

பனி உவமை முழுசா ஒத்து வராது, ரத்தம் நின்ன நேரமே பாதி கெடுதல் ஆரம்பிச்சுடும். ஆனா சித்திக்கு புரிஞ்சுது. "அப்ப அந்த 5 நிமிஷம் விடறது?"ன்னு கேட்டுச்சே பாருங்க, என் கிளாஸ்ல யாரும் கேக்கல. ஒரேயடியா நிறுத்தறதை விட விட்டு விட்டு நிறுத்துனா ஈரல் கூட நேரம் தாங்கும்னேன். 1986ல நாய் இதயத்துல இது மாதிரி ஒண்ண பாத்தாங்க, கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தி பழக்கிட்டா அப்புறம் வர்ற பெரிய அடியில தசை கம்மியா சாகுது.

ஜனவரி 8

அப்பாவோட புல்லு வெட்டி செடிகளை மூடினோம். கை விறைச்சு போச்சு.

ஜனவரி 10

ஏஎல்டி 190. சித்தப்பா போன்ல பேசினாரு, குரல் கம்மிதான். தன் உடம்பை பத்தி ஒரு வார்த்தை இல்ல, பள்ளத்து செடி எவ்வளவு கருகுச்சுன்னு கேட்டாரு. ரெண்டு வரிசைன்னேன். நாலு.